அஞ்சாலையின் வாயும் பொந்தும்

பவளப்பாறையில் வாழும் மீன்களில் அஞ்சாலை அளவுக்குக் கெட்ட பெயர் வாங்கிய மீன் வேறில்லை. பாம்பு போல நீண்ட உடல், செதில் இல்லாத வழவழப்பான தோல், பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி ஓயாமல் திறந்து மூடும் வாய், அந்த வாய் நிறையக் கூரிய பற்கள். பார்த்தவுடன் கை தானாகப் பின்வாங்கும். இந்த அச்சத்துக்கு எவ்வளவு அடிப்படை உண்டு? கடந்த சில பத்தாண்டுகளில் அஞ்சாலையின் வாய், வேட்டை, நஞ்சு ஆகியவை பற்றி வந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலில் இருக்கும் பினாங்குக்கு அவற்றில் என்ன செய்தி இருக்கிறது? இவற்றைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அஞ்சாலையின் வாயைப் பற்றிய கேள்விகளுக்கு அறிவியல் பெரும்பாலும் விடை கண்டுவிட்டது. இனி நாம் கவலைப்பட வேண்டியது அதன் பொந்தைப் பற்றித்தான் என்பதே இத்தொகுப்பிலிருந்து நான் பெறும் முடிவு.

தரங்கம்பாடியிலிருந்து பினாங்கு வரை

உலகில் 200-க்கும் மேற்பட்ட அஞ்சாலை இனங்கள் உள்ளன. அவற்றுள் தமிழ்க் கரைக்கும் மலாயாக் கரைக்கும் பொதுவான ஒன்றைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். வெளிர் உடலில் கருந்திட்டுகள் நெருக்கமாகப் பதிந்து, இடையே ஓடும் வெளிர் கோடுகள் தேன்கூட்டின் அறைச் சுவர்களைப் போலத் தெரியும் இனம் அது. ஜிம்னோதொராக்ஸ் ஃபவாஜினியஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இங்கே அதைத் தேன்கூட்டு அஞ்சாலை என்போம். இரண்டு மீட்டரைத் தாண்டி வளரும். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பப்புவா நியூ கினி வரை, சுமார் 50 மீட்டர் ஆழம் வரையுள்ள பாறைகளில் வாழ்கிறது.

இந்த இனத்தை முதன்முதலாக அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய மாதிரி கிடைத்த இடம் தரங்கம்பாடி என்று கருதப்படுகிறது. அன்று டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த அந்த ஊரில் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற மறைப்பணியாளர் வாழ்ந்தார். சோழமண்டலக் கடலின் மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவருக்கு அவர் அனுப்பிவந்தார். பிளாக் 1799-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற நூலை ஷ்னைடர் முடித்து 1801-இல் வெளியிட்டார். தேன்கூட்டு அஞ்சாலை அந்நூலில்தான் பெயர் பெற்றது.

வங்கக் கடலின் மறுகரையில் இதே வேலையைச் செய்தவர் டென்மார்க்கில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் தியோடர் கேண்டர், பினாங்கில் பணிபுரிந்த காலத்தில் இப்பகுதியின் விலங்குகளைத் தொடர்ந்து சேகரித்தார். மலாய்க் கடல் மீன்களைப் பற்றிய அவருடைய விரிவான பட்டியல் 1849-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பினாங்கு மீன்களைப் பற்றிய முறையான ஆய்வுக்கு அது இன்றும் தொடக்கப் புள்ளி. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய நூல் அடுத்த படி.

பட்டியல் இன்னும் முடியவில்லை. கடலூர் மாவட்டத்து முடசலோடை மீன்பிடித் துறைமுகத்தில் கரைசேர்ந்த மீன்களிலிருந்து ஒரு புதிய அஞ்சாலை இனத்தை இந்திய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2023-இல் அதற்கு ஜிம்னோதொராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ் என்று பெயரிட்டனர். திட்டோ கோடோ இல்லாத பழுப்பு நிற மீன் அது. வலைக்காரர்கள் வேண்டாமென்று ஒதுக்கும் குவியலில் புதிய இனம் கிடைக்கிறது என்றால், இந்தக் குடும்பத்தை நாம் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம் என்பது விளங்கும்.

பாம்பும் அல்ல, மாலோங்கும் அல்ல

பினாங்கு மீனவர்களுக்குப் பாம்பு வடிவத்தின் மீதுள்ள அச்சம் வெறும் மூடநம்பிக்கை அன்று. 1950-களில் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணிபுரிந்த மருத்துவர் அலிஸ்டர் ரீட், இக்கரையோர மீனவர்களைக் கடற்பாம்பு தீண்டிய நேர்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். வலையை உதறும்போதும் ஆழமற்ற சேற்றுநீரில் நடக்கும்போதும் கடிபட்டவர்கள் அவர்கள். சிலர் உயிரிழந்தார்கள். பினாங்குக் கடற்பாம்புகளின் நஞ்சைக் கொண்டுதான் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கடற்பாம்புக்கடிக்கான எதிர்நஞ்சு தயாரிக்கப்பட்டது. வலையில் நெளியும் எதையும் கண்டு கையை இழுத்துக்கொள்வது இங்கே பட்டறிந்த பாடம்.

அந்தப் பழியின் ஒரு பங்கு அஞ்சாலையின் தலையிலும் விழுந்தது. பிரித்தறிவது எளிது. கடற்பாம்புக்குச் செதில் உண்டு. வால் துடுப்பு போலத் தட்டையாக இருக்கும். மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். அஞ்சாலைக்குச் செதில் இல்லை. முதுகு நெடுக ஓடும் துடுப்பு வாலைச் சுற்றி அடிப்பக்கம் வரை தொடர்கிறது. தலைக்குப் பின்னால் இருபுறமும் சிறிய வட்டத்துளையாகச் செவுள் திறக்கும்.

இன்னொரு குழப்பம் சந்தையில் நிகழ்வது. பினாங்குப் பசார்களில் மாலோங் என்ற பெயரில் விற்கப்படும் நீண்ட மீன் விலாங்கின் உறவுதான். ஆனால் வேறு குடும்பம். சேற்றுத் தரையில் வாழ்வது. மாலோங்கின் செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு துடுப்பு இருக்கும். அஞ்சாலைக்கு அந்தத் துடுப்பே கிடையாது. மீன் வாங்குவோர் இந்த ஒரு அடையாளத்தை நினைவில் வைத்தால் போதும். ஏன் வைக்க வேண்டும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

திறந்த வாயும் இரண்டாவது தாடையும்

அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடுவது மிரட்டுவதற்காக என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மூச்சுவிடுகிறது. பல மீன்களுக்குச் செவுளை மூடும் எலும்புத் தகடு அகலமாக அசைந்து நீரை இழுத்துத் தள்ளும். அஞ்சாலையின் செவுள் திறப்போ சிறு துளை. ஆகவே வாயையே ஏற்றப்பொறியாக்கி நீரை உள்ளே செலுத்த வேண்டியிருக்கிறது. பொந்தில் அசையாமல் கிடக்கும் மீன் வாயை மட்டும் அசைப்பதன் காரணம் இவ்வளவே.

வாயின் மெய்யான வியப்பு உள்ளே இருக்கிறது. மீன்கள் பெரும்பாலும் இரையை உறிஞ்சி விழுங்குகின்றன. வாயைச் சட்டென்று அகட்டினால் நீரோடு இரையும் உள்ளே பாயும். குறுகிய பொந்துக்குள் தலையை நுழைத்து வேட்டையாடும் அஞ்சாலைக்கு அப்படி அகட்ட இடமும் இல்லை, அதற்கேற்ற எலும்பமைப்பும் இல்லை. பிறகு எப்படிப் பெரிய இரையை விழுங்குகிறது? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007-இல் நேச்சர் இதழில் விடை தந்தார்கள். அதிவேகப் படக்கருவியில் பதிவு செய்து பார்த்தபோது, முன்தாடை இரையைக் கவ்விய உடனே தொண்டையிலிருந்து இரண்டாவது தாடை ஒன்று வாய்க்குள் முன்னேறி வந்தது. இரையைப் பற்றித் தொண்டைக்குள் இழுத்துச் சென்றது. தொண்டைத் தாடை வேறு மீன்களுக்கும் உண்டு. ஆனால் இவ்வளவு தூரம் முன்னே வந்து இரையைப் பிடித்திழுப்பது அஞ்சாலையின் தனித்திறன்.

இதன் தொடர்ச்சியாக மேத்தாவும் கைல் டோனஹோவும் 2021-இல் இன்னொரு முடிவை வெளியிட்டனர். எக்கிட்னா நெபுலோசா என்ற சிறிய அஞ்சாலை, நண்டுகளைத் தேடி அலைவாய்ப் பாறைகளில் திரிவது. பயிற்றுவிக்கப்பட்ட அந்த மீன்கள் நீரை விட்டுச் சாய்தளத்தில் ஏறி, வைத்திருந்த இரையைக் கவ்வி, அங்கேயே விழுங்கின. இரையை உள்ளே தள்ள மற்ற மீன்களுக்கு நீர் வேண்டும். இதற்கு வேண்டியதில்லை, இரண்டாவது தாடையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

பெரிய இரையைத் துண்டாக்கவும் அஞ்சாலையிடம் ஒரு வழி இருக்கிறது. வாலில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை உடல் நெடுக முன்னோக்கி நகர்த்தித் தலையை அதன் வழியே பின்னுக்கு இழுக்கும். கை கால் இல்லாத உடலுக்கு முடிச்சே உந்துவிசை தருகிறது.

கூட்டு வேட்டை

அஞ்சாலையின் கண்பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. மூக்கின் முன்துளைகள் சிறு குழாய்களாக நீண்டிருக்கும். பெரும்பாலான இனங்கள் இரவில் மோப்பம் பிடித்தே வேட்டையாடுகின்றன. ஆனால் செங்கடலில் பகலிலேயே நடக்கும் வேட்டை ஒன்றை ரெடுவான் ப்ஷாரியும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் விவரித்தார்கள். களவா இனத்தைச் சேர்ந்த மீன் ஒன்று, ராட்சத அஞ்சாலை ஓய்வெடுக்கும் பொந்துக்கு வந்து அதன் முகத்துக்கு எதிரே தலையை வேகமாக அசைக்கிறது. அஞ்சாலை வெளியே வந்து அதனுடன் நீந்துகிறது. களவா திறந்த வெளியில் விரட்டும். அஞ்சாலை இடுக்குக்குள் புகும். இடுக்குக்குள் பதுங்கும் மீன் அஞ்சாலைக்கு, வெளியே பாயும் மீன் களவாவுக்கு. அலெக்ஸ் வெய்லும் ப்ஷாரியும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் இதற்கு மேலும் ஒரு செய்தி சேர்த்தார்கள். இரை ஒளிந்த இடத்துக்கு மேல் களவா தலைகீழாக நின்று அசைந்து இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது.

இது வெறும் விந்தைச் செய்தி அன்று. இரு வேறு இன மீன்கள் சைகையால் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லி வேட்டையாடுகின்றன என்பது விலங்கு நடத்தை ஆய்வில் முக்கியமான முடிவு. சூழலியல் நோக்கிலும் அதற்குப் பொருளுண்டு. களவா விலையுயர்ந்த மீன். எங்கும் தேடிப் பிடிக்கப்படுகிறது. ஒன்றை நாம் பிடித்துத் தீர்த்தால் மற்றதன் வேட்டையும் மாறும்.

கடியும் நஞ்சும்

மனிதரை அஞ்சாலை தின்னும் என்ற கதை பழையது. பண்டைய ரோமப் பேரரசில் வேதியஸ் பொலியோ என்ற செல்வர் குளத்தில் வளர்த்த மீன்களுக்கு அடிமைகளை எறிய முற்பட்டார் என்றும், பேரரசர் அகஸ்டஸ் அதைத் தடுத்தார் என்றும் ரோமானிய எழுத்தாளர்கள் குறித்திருக்கிறார்கள். இன்றைய நேர்வுகளைப் பார்த்தால் கடி பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் நேர்கிறது. ஒன்று, பார்க்காமல் பொந்துக்குள் கைவிடுவது. மற்றது, மீனுக்குக் கையால் தீனி கொடுப்பது. பினாங்குக்கு வடக்கே அந்தமான் கடலில் உள்ள தாய்லாந்தின் சிமிலன் தீவுகளில், தொத்திறைச்சி ஊட்டிய முக்குளிப்பாளர் ஒருவரின் கட்டைவிரலை ராட்சத அஞ்சாலை கடித்துத் துண்டித்தது. மோப்பத்தை நம்பி வாழும் மந்தப் பார்வை மீனுக்கு விரலும் தீனியும் ஒன்றுதான். பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் கையை இழுக்க இழுக்கக் காயம் பெரிதாகும். கிருமித் தொற்றும் எளிதில் ஏற்படும்.

கடியைவிடக் கவனிக்க வேண்டியது அதன் இறைச்சி. கம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்ணுயிர் பாறைப் பாசிகளின் மேல் வளர்ந்து நஞ்சை உண்டாக்குகிறது. பாசி தின்னும் மீன், அதைத் தின்னும் மீன் என்று ஏறி, உச்சியில் இருக்கும் பெரிய மீனின் உடலில் நஞ்சு சேர்கிறது. இதனால் வரும் நோய்க்கு சிகுவட்டெரா என்று பெயர். வாந்தி, வயிற்றுப்போக்கு, உணர்விழப்பு ஆகியவற்றோடு குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவது போலத் தோன்றுவதும் இதன் அடையாளம். நஞ்சின் வேதியமைப்பை 1989-இல் யசுமோட்டோ குழுவினர் விடுவித்தபோது, அதற்கு மூலப்பொருளாக அமைந்தவை பிரெஞ்சு பாலினேசியாவின் அஞ்சாலைகளே. 4,000 கிலோ அஞ்சாலையிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த தூய நஞ்சு 0.35 மில்லிகிராம்தான். அவ்வளவு சிறிய அளவிலேயே அது வேலை செய்கிறது. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும் அழியாது. நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காது. இந்தக் காரணத்தால்தான் மாலோங்கையும் அஞ்சாலையையும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். பாறையில் பிடித்த பெரிய அஞ்சாலையைச் சமைக்காமல் இருப்பதே நல்லது; அதன் ஈரலையும் குடலையும் தொடவே கூடாது.

ஆக, வாயைப் பற்றிய கணக்கு இவ்வளவுதான்: கையை நீட்டாதவரை கடிக்காது, தின்னாதவரை நஞ்சு ஏறாது.

பினாங்குக் கடலில் பொந்துகள்

இனி வீட்டைப் பார்ப்போம். பினாங்கைச் சுற்றியுள்ள கடல் கலங்கலானது. மூடா, பிறை ஆறுகள் கொண்டுவரும் வண்டலும், சேற்றுத் தரையும், நீரிணையின் ஓட்டமும் நீரைத் தெளியவிடுவதில்லை. அப்படியிருந்தும் தீவின் தென்மேற்கு முனைக்கு அப்பால் உள்ள கெண்டி தீவைச் சுற்றிச் சிறு அளவில் பவளம் உண்டு. தெளிந்த நீர் வேண்டுவோர் ஜார்ஜ்டவுனிலிருந்து லங்காவி போகும் கடல்வழியில் உள்ள பாயார் தீவுக்குச் செல்கிறார்கள். பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் என்ற நான்கு தீவுகளைக் கொண்ட இக்கடற்பூங்கா கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை மீன்பிடிக்கத் தடை. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பவளப்பாறையும் அதில் தங்கும் அஞ்சாலையும் காண விரும்புவோருக்கு இதுவே முதன்மையான இடம்.

தேன்கூட்டு அஞ்சாலை தெளிந்த பாறையிலும் கலங்கிய பாறையிலும் வாழக்கூடியது. கலங்கல் நீரில் வாழ்பவற்றில் கருமை மிகுந்தும், தெளிந்த பாறையில் வாழ்பவற்றில் வெளிர்ப்பரப்பு மிகுந்தும் இருப்பதாக மீனியல் நூல்கள் குறிக்கின்றன. எனவே கலங்கல் மட்டும் இதை விரட்டிவிடாது. இதற்குத் தேவை இடுக்கு. பவளம் உயிருடன் இருக்கும்வரை பாறை வளர்ந்து புதிய இடுக்குகளைத் தருகிறது. வெப்பத்தால் வெளுத்துச் செத்தால் கூடு சில ஆண்டுகள் நிற்கும். பிறகு துளைக்கும் உயிர்களும் அலையும் அதை அரித்துத் தட்டையாக்கும். 2010-இல் வெளுப்பு கடுமையானபோது மலேசியக் கடற்பூங்காத் துறை பாயார், ரெடாங், தியோமான் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களைத் தற்காலிகமாக மூடியது. 2024-இல் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

வெப்பம் உலகச் சிக்கல். வண்டல் உள்ளூர்ச் சிக்கல். பினாங்கின் தென்கரையில் 4,500 ஏக்கரில் மூன்று செயற்கைத் தீவுகள் எழுப்பும் திட்டத்தைப் பற்றித் தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பினார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் அலாம் மலேசியாவும் உடன் நின்றன. சுற்றுச்சூழல் அனுமதி 2021-இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. 2023-இல் மீண்டும் கிடைத்தது. அதே ஆண்டில் திட்டம் 2,300 ஏக்கர் கொண்ட ஒரே தீவாகச் சுருங்கியது, பணியும் தொடங்கியது. அந்த விவாதத்தில் இறாலும் கொடுவாயும் பேசப்பட்டன, நியாயமாகவே. சந்தை மதிப்பில்லாத இடுக்கு மீன்களுக்காகப் பேசுவோர் குறைவு.

தமிழ்க் கரையில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டியெடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சட்டம் வந்தது, போன பாறை திரும்ப வரவில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். இடுக்கை மனிதன் தரவும் முடியும். மலேசிய மீன்வளத் துறை 1975-இல் கெடாவின் தெலோர் தீவருகே பழைய டயர்களைக் கட்டி இறக்கிச் செயற்கைப் பாறை முயற்சியைத் தொடங்கியது. பின்னர் கான்கிரீட் அமைப்புகள் வந்தன. துளையும் நிழலும் கிடைத்த இடத்தில் இடுக்கு மீன்கள் குடியேறுவதை இத்தகைய முயற்சிகள் பல நாடுகளில் காட்டியுள்ளன. ஆனால் செயற்கைப் பாறை மீனைத் திரட்டித் தருவதால் தூண்டிலும் பூபு எனப்படும் மீன்பொறிக் கூடும் அங்கேயே வந்து சேர்கின்றன. காவல் இல்லாத செயற்கைப் பாறை பிடிப்பதற்கு வசதியான இடமாகவே முடியும்.

எண்ணுவது எப்படி?

அஞ்சாலை உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் தேன்கூட்டு அஞ்சாலையும் ராட்சத அஞ்சாலையும் குறைந்த கவலைக்குரியவை என்ற வரிசையில்தான் உள்ளன. ஆயினும் அந்த வரிசை ஒரு குறிப்பிட்ட பாறையின் நிலையைச் சொல்லாது. இளம் அஞ்சாலை இலை போன்ற தட்டையான, கண்ணாடி நிறக் குஞ்சாகப் பல வாரங்கள், சிலவேளை மாதங்கள், நீரோட்டத்தில் மிதந்து வருவது. பாயாரில் குடியேறும் குஞ்சு அந்தமான் கடலின் எந்த மூலையிலும் பிறந்திருக்கலாம். குஞ்சு வரும், தங்க இடுக்கு இருந்தால்தான் தங்கும்.

பாறைகளைக் கணக்கெடுக்கும் ரீஃப் செக் முறையில் எண்ணப்படும் சுட்டு மீன்களில் அஞ்சாலையும் ஒன்று. நூறு மீட்டர் நாடாவை விரித்து, நான்கு பகுதிகளாக ஐந்து மீட்டர் அகலத்துக்குக் கண்ணில் படும் மீன்களைப் பதிவுசெய்யும் எளிய முறை அது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களாலேயே செய்ய முடியும். ரீஃப் செக் மலேசியா 2007 முதல் ஆண்டுதோறும் இதைச் செய்துவருகிறது. அந்தக் கணக்குகளில் அஞ்சாலையின் எண்ணிக்கை பெரும்பாலும் மிகக் குறைவு. பகலில் பொந்துக்குள் கிடக்கும் மீனைப் பகலில் நீந்தி எண்ணினால் குறைவாகத்தான் வரும் என்பது இம்முறையின் எல்லை. ஆனால் ஒரே முறையில், ஒரே இடத்தில், ஆண்டுதோறும் எண்ணினால் ஏற்ற இறக்கம் தெரியும். இரவுக் கணக்கும் சேர்ந்தால் படம் இன்னும் தெளிவாகும்.

பினாங்குக்கு இதற்கான வசதி குறைவில்லை. மூக்கா ஹெட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கடலோர ஆய்வு மையம் இருக்கிறது. பத்து மாவுங்கில் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் வேர்ல்ட்ஃபிஷ் பன்னாட்டு நிறுவனத்தின் தலைமையகமும் இருக்கின்றன. பாறைகளைப் பற்றித் தலைமுறைத் தலைமுறையாக அறிந்த மீனவர்கள் தென்கரையில் இருக்கிறார்கள். பூபுக் கூட்டில் எந்த மாதம், எந்தப் பாறையில் அஞ்சாலை ஏறுகிறது என்று அவர்களைக் கேட்டுப் பதிவு செய்வதே ஒரு நல்ல ஆய்வாகும்.

முடிவாக

மூன்று செயல்களை இந்தத் தொகுப்பு பரிந்துரைக்கிறது. முக்குளிக்கச் செல்பவர்கள் எந்த மீனுக்கும் கையால் தீனி கொடுக்க வேண்டாம். படகு நடத்துவோர் அதை அனுமதிக்கவும் வேண்டாம். பாறை அஞ்சாலையைச் சமையலுக்கு வாங்க வேண்டாம். மூன்றாவது அரசுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும்: கெண்டி தீவின் பாறைகளில் இடுக்கு மீன்களை இரவும் பகலும் ஆண்டுதோறும் எண்ணி, அந்தக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தென்கரையில் மண் கொட்டும் பணி தொடங்கிவிட்டதால், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படைக் கணக்கு வேண்டுமானால் அதை இப்போதே எடுத்தாக வேண்டும்.